ஒரே ஏரி, மூன்று பயணம்: பள்ளி மாணவர்களுக்கான ஈரநிலக் கள ஆய்வு வழிகாட்டி

ஈரநிலம் என்றதும் பள்ளிகள் பேருந்து பிடித்து வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ போய்விடுகின்றன. போய்வருவதில் தவறில்லை. 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் வேடந்தாங்கல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த விவசாயிகள் அப்போதே அறிந்திருந்தார்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்வைக் கோபுரத்தில் ஏறி இறங்கினால், நாரை பார்த்த நினைவு மட்டுமே மிஞ்சும். தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும், அதோடு செடியும் பூச்சியும் பறவையும் இடம் மாறுவதையும் பார்த்தால்தான் ஈரநிலம் புரியும். அதற்குப் பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய உள்ளூர் ஏரிதான் தோது. வடக்கே ஏரி, மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய், நெல்லையில் குளம் எனப் பெயர் எதுவானாலும் முறை ஒன்றுதான். ஒரே இடத்துக்கு ஒரே கல்வியாண்டில் மூன்று முறை போங்கள்.

இந்த வழிகாட்டி ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான சுமார் 30 மாணவர்களைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது.

எப்போது போவது

முதல் பயணம் ஆகஸ்ட்டில். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஏரிகளில் அப்போது தண்ணீர் அடியில் கிடக்கும், அல்லது உள்வாய் (கரைக்கு உள்ளே இருக்கும் ஏரிப் படுகை) காய்ந்து வெடித்திருக்கும். ‘ஏரியில் தண்ணீரே இல்லையே, என்ன பார்ப்பது’ என்று தள்ளிப்போட வேண்டாம். காய்ந்த ஏரியைப் பார்க்காத பிள்ளைக்கு நிறைந்த ஏரி வெறும் காட்சிதான்.

இரண்டாவது பயணம் ஜனவரியில். மழை ஓய்ந்திருக்கும், ஏரி நிறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். பொங்கல் விடுமுறையையொட்டி வைத்துக்கொண்டால், 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் உங்கள் எண்ணிக்கையை அனுப்பலாம். நவம்பர், டிசம்பரில் போகாதீர்கள். கரை வழுக்கும், வரத்துக் கால்வாயில் இழுப்பு இருக்கும், நீர்மட்டம் ஒரே இரவில் ஏறும்.

மூன்றாவது பயணம் மார்ச் முதல் பாதியில், முழு ஆண்டுத் தேர்வுக்கு முன். தண்ணீர் பின்வாங்கிச் சேறு வெளியே தெரியும் அந்த நேரத்தில்தான் பறவைகள் கூட்டமாக இரை தேடும்.

மூன்று முறையும் ஒரே நேரத்தில் போக வேண்டும். காலை 6.45க்குக் கரையில் இருந்தால் 9.15க்குள் முடித்துவிடலாம். நேரம் மாறினால் கணக்கும் மாறும். பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால், பச்சை படர்ந்த ஏரியில் காலையில் 7.5 இருக்கும் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) மாலைக்குள் 9ஐத் தொடலாம். ஒரு முறை காலையிலும் மறுமுறை மதியத்திலும் அளந்துவிட்டு ‘ஏரி மாறிவிட்டது’ என்று எழுதினால், அது ஏரி மாறியதல்ல, நீங்கள் போன நேரம் மாறியது.

அனுமதியும் முன்பார்வையும்

நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். யாருடையது என்று விசாரித்து ஒரு கடிதம் கொடுங்கள். ஊராட்சித் தலைவருக்கும் சொல்லிவிடுங்கள். பலரும் மறப்பது மீன் குத்தகை எடுத்தவரை. பிள்ளைகள் கையில் வலையோடு நிற்பதை அவர் திடீரென்று பார்த்தால் சண்டை நிச்சயம். முன்கூட்டியே சொன்னால் அவரே வந்து எந்த மீன் எங்கே கிடக்கும் என்று காட்டித் தருவார். அறிவிக்கப்பட்ட சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அங்கே வலை போடவே கூடாது. பெற்றோரின் சம்மதக் கடிதத்தில் ‘பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா, ஒவ்வாமை, வலிப்பு, வீசிங் உண்டா’ என்ற கேள்விகளும் இருக்கட்டும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை என இரண்டு ஆசிரியர்கள் இடத்தை நடந்து பார்க்க வேண்டும். பாம்பைவிட, முள்ளைவிட அஞ்ச வேண்டியது மண் அள்ளிய குழிகளுக்குத்தான். உள்வாயில் பொக்லைன் தோண்டிய குழியின் விளிம்பு செங்குத்தாக இருக்கும். தண்ணீர் நிறைந்ததும் மேலே ஒரு வித்தியாசமும் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் மூழ்கிவிடும். ஆகஸ்ட்டில் ஏரி காய்ந்திருக்கும்போதே குழிகள் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள் ஒரு குழியும் இருக்கக் கூடாது. ஜனவரியில் அதே இடத்தை நீண்ட மூங்கில் கழியால் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கரையின் உள்சரிவு செங்குத்து, முள் அடர்ந்தது. அதற்கு எதிரே, தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில் தரை மெல்லச் சரியும். அங்கேதான் ஈரத்துக்கு ஏற்ப செடிகள் வரிசை வரிசையாகப் பிரிந்து நிற்கும். அந்தப் பக்கம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏரி நிறைந்தாலும் தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு கல்லை நட்டு வெள்ளையடித்துவிடுங்கள். இந்த ஆய்வு முழுக்க இந்தக் கல்லை வைத்துத்தான். இனி இதை ‘தொடக்கக் கல்’ என்போம்.

கருவிகள்

பெரும்பாலானவற்றைப் பள்ளியிலேயே செய்துகொள்ளலாம்.

வலை: 4 மி.மீ. கம்பி ஒன்றேகால் மீட்டர் வெட்டுங்கள். ஏறக்குறைய 95 செ.மீ. வளையத்துக்கு, மீதியை இரு முனையிலும் 15 செ.மீ. வீதம் வாலாக விட்டு, ஒன்றரை மீட்டர் மூங்கில் கழியில் கட்டுங்கள். முழு வட்டமாக வளைக்காமல் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கினால், செடிகளின் அடியிலும் தரையோரமும் ஒட்டிப்போகும். துணிக்கு நைலான் கொசுவலை சரியாக இருக்கும். வேட்டித் துணியில் சேறு அடைத்துத் தண்ணீர் வடியாது. பையின் ஆழம் 30 செ.மீ. இருந்தால் பிடிபட்டது வெளியே குதிக்காது. ஆறு வலைகள் வேண்டும்.

வெள்ளைத் தட்டு: 30க்கு 40 செ.மீ., ஓரம் 6 செ.மீ. உயரம். வேறு நிறத்தில் பாதிப் பூச்சிகள் கண்ணுக்கே படாது. கூடவே வெள்ளைக் கிண்ணங்கள், டீ வடிகட்டி, பிளாஸ்டிக் ஸ்பூன், கைலென்ஸ்.

சதுரம்: அரை அங்குல பி.வி.சி. குழாய் நான்கு துண்டு, எல்போ நான்கு. உள்ளளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். ஒட்ட வேண்டாம், கழற்றி எடுத்துப்போகலாம்.

கயிறு: 30 மீட்டர், ஒவ்வொரு மீட்டருக்கும் நிற நூல் முடிச்சு.

தெளிவுத் தட்டு: 20 செ.மீ. விட்டமுள்ள டப்பா மூடியை நான்கு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடியுங்கள். ஆழமான ஏரிகளில் இதைக் கயிற்றில் இறக்குவார்கள். நம் ஏரியில் ஒன்றரை மீட்டர் குழாயின் முனையில் பொருத்தி, 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்கொள்வதே சுலபம்.

வெப்பமானி சிவப்புத் திரவம் உள்ளதாக இருக்கட்டும், பாதரசம் வேண்டாம். உடைந்தால் ஏரிக்குள் போகும். பி.எச். தாளில் 1 முதல் 14 வரை ஒரே சுருளில் வருவதைவிட 6 முதல் 10 வரை அரை அரையாகக் காட்டும் தாள் பயன்படும். எழுதப் பென்சில்தான். பேனா மை நனைந்தால் கலைந்துவிடும்.

குழு பிரிப்பு

30 பேரை ஐந்து ஐந்தாக ஆறு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் போடுங்கள். ஆசிரியர் போதாவிட்டால் பெற்றோரைக் கூப்பிடலாம். முதல் 20 நிமிடம் எல்லோரும் உட்கார்ந்து பறவை எண்ணுவார்கள். பிறகு செடி, தண்ணீர், பூச்சி என மூன்று இடங்கள். ஓர் இடத்தில் இரண்டு குழு, 30 நிமிடத்துக்கு ஒரு மாற்றம். இரண்டு குழுவும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்வதில் ஒரு நன்மை உண்டு. ஒரு குழுவின் வெப்பநிலை 26, மற்றதன் 28 என்றால் யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள். ஆசிரியர் திருத்தாமலே அவர்களே மறுபடி அளப்பார்கள்.

பறவை: பெயர் கடைசியில்

பெயர் சொல்லித் தொடங்கினால், பெயர் தெரிந்ததும் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். முதலில் மூன்றே கேள்விகள். மைனா, காகம், கோழி இவற்றில் எதன் அளவு? கால் எவ்வளவு நீளம், மூக்கு எப்படி? இப்போது என்ன செய்கிறது? இதை எழுதி, மூக்கைப் படமாக வரைந்த பிறகே பெயர். காலின் நீளத்தை அது நிற்கும் ஆழத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நெடுங்கால் உள்ளான் நிற்கும் இடத்தில் ஆள்காட்டி நிற்காததன் காரணம் அப்போதே புரியும்.

ஓர் இடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் எண்ணுங்கள். பெரிய கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவு இடம் எத்தனை என்று கணக்கிடலாம். தவறு அதிகம் நடப்பது இரண்டு பறவைகளில். மடையான் உட்கார்ந்திருக்கும்போது சேற்றின் பழுப்பு, பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. பிள்ளைகள் அதைப் பழுப்புப் பறவை ஒன்று, வெள்ளைக் கொக்கு ஒன்று என இரண்டாக எழுதுவார்கள். முக்குளிப்பான் இங்கே மூழ்கி அங்கே எழும், ஒன்றே ஐந்தாகிவிடும். அதனால் பத்து நிமிடத்தில் ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தனவோ அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நாமக்கோழியை வாத்து என்பது மூன்றாவது தவறு. நெற்றியில் வெள்ளைப் பட்டை இருந்தால் நாமக்கோழி.

பறவைகள் தலையை உயர்த்தி ஒரே பக்கம் திரும்பினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். கூடு கட்டியிருக்கும் மரத்தடிக்குப் போகவே கூடாது. பெரிய பறவை எழுந்துபோனால் காகம் முட்டையை எடுத்துவிடும், வெயிலில் குஞ்சு துவண்டுவிடும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கிளம்பும் முன் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும், சத்தம் தானாக அடங்கும்.

செடி: கல்லிலிருந்து கயிறு

தொடக்கக் கல்லில் கயிற்றைக் கட்டித் தண்ணீர் இருக்கும் திசையில் நேராக இழுங்கள். 0, 10, 20, 30 மீட்டரில் சதுரம் வையுங்கள். முதலில் எழுத வேண்டியது கல்லிலிருந்து தண்ணீரின் விளிம்பு எவ்வளவு தூரம் என்பது. தூரம் அதிகமானால் நடையடியால் அளக்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் நடையடி நீளத்தையும் பள்ளி மைதானத்திலேயே 20 மீட்டர் நடந்து கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட்டில் நான்கு சதுரமும் காய்ந்த தரையில் விழும். ஜனவரியில் 20ஆம் மீட்டர் தண்ணீருக்குள் போயிருக்கலாம். அப்போது விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்பே நின்று, ‘தண்ணீருக்குள்’ என்று எழுதி, மேலே மிதப்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். மார்ச்சில் அதே 20ஆம் மீட்டர் ஈரச் சேறாக வெளியே வரும். அங்கே அருகம்புல்லுக்குப் பதில் பொடுதலையும் கோரையும் பொன்னாங்கண்ணியும் முளைத்திருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை வகைச் செடி, ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். சதவீதம் என்றால் பிள்ளைகள் கூட்டிச் சொல்வார்கள். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு பிள்ளையின் கை ஏறக்குறைய 100 சதுர செ.மீ., அதாவது இந்தச் சதுரத்தில் ஒரு சதவீதம். கையை வைத்து எண்ணினால் கணக்கு ஒழுங்காக வரும்.

பெயருக்குப் புத்தகத்தைவிட ஆடு மேய்ப்பவரும் கீரை பறிக்கும் பெண்களும் நல்ல துணை. வள்ளைக்கீரை, ஆரைக்கீரை, நீர்முள்ளி, சம்பு, அல்லி என அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதட்டும். ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைத் தனியாகக் குறியுங்கள். காட்டாமணக்கை ஒடிக்க விடாதீர்கள், அதன் பால் நஞ்சு.

தண்ணீர்: அளவும் அதன் தவறும்

படித்துறை இருந்தால் முதல் அளவு மிகச் சுலபம்: தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது? மதகில் அளவுக்கோடு இருந்தால் அதையும் குறியுங்கள்.

வெப்பமானியைப் பத்து செ.மீ. ஆழத்தில் இரண்டு நிமிடம் பிடித்து, தண்ணீருக்குள் இருக்கும்போதே படிக்க வேண்டும். வெளியே எடுத்துப் படித்தால் ஈரம் ஆவியாகி ஓரிரு டிகிரி குறைந்துவிடும். பிள்ளைகள் எல்லோரும் வெளியே எடுத்துத்தான் படிப்பார்கள், அதனால் இதை வகுப்பிலேயே டம்ளர் தண்ணீரில் பழக்குங்கள். பி.எச். தாளின் நிறத்தை நிழலில் வைத்து ஒப்பிடுங்கள்.

தெளிவுத் தட்டைப் படித்துறையிலோ மதகு மேடையிலோ நின்று பெரியவர்தான் இறக்க வேண்டும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும். தட்டு மறையும் ஆழம், மேலே தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம் இரண்டின் சராசரியை எழுதுங்கள். தரை தொட்டும் தட்டு தெரிந்தால் ‘அடி தெரிகிறது’ என்று எழுதினால் போதும். கலங்கலுக்குக் காரணம் மண்ணா பாசியா என்று அறிய, ஒரு லிட்டர் கண்ணாடி போன்ற பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கலாம். மண் என்றால் பெரும்பாலும் அடியில் படியும், பாசி என்றால் பச்சை அப்படியே நிற்கும்.

விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதையும் எழுதுங்கள். இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் மூச்சுவிட்டு உயிர்வளி குறைந்துபோயிருக்கிறது என்பதன் அடையாளம் அது.

பூச்சி: வெள்ளைத் தட்டில் மூன்று நிமிடம்

எந்த மாணவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் மண்டியிட்டு, கழியின் நீளத்துக்குள் கிடைப்பதை எடுத்தால் போதும். வேலம்பாசி, அல்லித்தண்டு போன்ற செடிகளுக்கு இடையே எட்டு வடிவில் 30 விநாடி வலையை வீசுங்கள். சேற்றை அள்ளுவதுதான் வழக்கமான தவறு. வலை கனத்து, தட்டு கறுத்து, உள்ளே இருந்தவை நசுங்கிவிடும்.

தட்டில் முதலில் இரண்டு செ.மீ. தண்ணீர் ஊற்றி, வலையைப் புறம் திருப்பி அலசுங்கள். உடனே ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் ‘குப்பைதான் சார்’ என்பார்கள். மூன்று நிமிடம் கை வைக்காமல் காத்திருக்கச் சொல்லுங்கள். கலங்கல் படியும்போது ஒரு குச்சி நகரும், ஒரு மண்துகள் நீந்தும். அந்தக் குச்சி பெரும்பாலும் நீர்த்தேள். வாலில் நீண்டிருப்பது கொடுக்கல்ல, மூச்சுக் குழாய். ஆனால் வாய் குத்தும். தட்டை உடம்போடு, வாலில் மூன்று இலைபோன்ற செவுள்கள் இல்லாமல் தெரிவது தட்டானின் குஞ்சு. ஊசித்தட்டானின் குஞ்சுக்கு அந்த மூன்று செவுளும் இருக்கும். தட்டான் குஞ்சு பின்புறத்தால் தண்ணீரை இழுத்து மூச்சுவிடும், அதையே பீய்ச்சிப் பாய்ந்தும் ஓடும். முதுகு நிறைய முட்டையோடு, மூட்டைப்பூச்சி போன்ற ஒரு பழுப்பு நீர்ப்பூச்சி வந்தால் எல்லோரையும் கூப்பிடுங்கள். அது ஆண். பெண் அதன் முதுகில் முட்டையிட்டுப் போய்விடும், பொரியும்வரை சுமப்பது அப்பன்தான்.

எதையும் கையால் எடுக்காமல் ஸ்பூனால் எடுக்க வேண்டும். தட்டான் குஞ்சைத் தலைப்பிரட்டையோடு ஒரே கிண்ணத்தில் விட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் தலைப்பிரட்டை இருக்காது. தட்டை நிழலில் வைத்து 20 நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஓடைகளுக்காக உருவாக்கிய பூச்சி மதிப்பெண் அட்டவணைகளை வைத்து ‘இந்த ஏரி சுத்தம், அந்த ஏரி அசுத்தம்’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நிற்கும் தண்ணீருக்கு அவை பொருந்தாது. எத்தனை வகை, மூன்று பயணத்தில் எப்படி மாறியது என்று ஒப்பிடுவதே நியாயம்.

பாதுகாப்பு

கையில் காலில் புண் உள்ள பிள்ளை தண்ணீரைத் தொட வேண்டாம், அன்று குறிப்பெழுதட்டும். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக ஏறும். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. மூடிய செருப்பு அல்லது ஷூ, முழுக்கால் உடை, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீர்ப்பாம்பு நஞ்சற்றது, ஆனாலும் எந்தப் பாம்பையும் நெருங்க விடாதீர்கள். கடி நேர்ந்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முந்தைய நாளே விசாரித்து வைத்திருக்க வேண்டும். 20 மீட்டர் கயிறு கட்டிய காற்றடைத்த டியூப் ஒன்று கரையிலேயே கிடக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ணுங்கள்.

வேறு ஏரிக்குப் போகும் முன் வலையை அலசி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். ஓர் ஏரியின் களையை இன்னோர் ஏரிக்குச் சுமந்துவிடக் கூடாது.

வகுப்பறையில்

‘இல்லை’ என்பதும் தகவல்தான். ஆகஸ்ட்டில் நாமக்கோழி பூஜ்யம் என்றால் 0 என்று எழுத வேண்டும், கட்டத்தை வெறுமையாக விட்டால் பார்க்க மறந்தீர்களா, பறவையே இல்லையா என்று பின்னால் தெரியாது. உணவுச் சங்கிலியைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காமல் தங்கள் பட்டியலில் உள்ள உயிர்களை மட்டும் வைத்து வரையச் சொல்லுங்கள். நத்தையும் நத்தைக்குத்தி நாரையும் தாமாக இணையும்.

ஆகஸ்ட் பயணத்தில் காய்ந்த உள்வாய் மண்ணை இரண்டு கைப்பிடி எடுத்து வாருங்கள். வெள்ளைத் தட்டில் பரப்பி, மழைத் தண்ணீரோ, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரோ ஒரு லிட்டர் ஊற்றி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வைத்துக் கொசுவலையால் மூடுங்கள். சில நாட்களில் புள்ளி புள்ளியாகத் துள்ளும் நீர்ப்பேன் வகைகள் வரக்கூடும். காய்ந்த மண்ணுக்குள் முட்டையாகக் காத்திருந்தவை அவை. பத்து நாள் கழித்தும் ஒன்றும் வரவில்லையென்றால் வேறு இடத்து மண்ணை எடுத்துப் பாருங்கள், கரையோர மண்ணைவிட ஏரியின் தாழ்வான நடுப்பகுதி மண்ணில் வாய்ப்பு அதிகம். முடிந்ததும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

மூன்று பயணத்தின் தாள்களையும் ஒரே கோப்பில் தைத்து, முதல் பக்கத்தில் தொடக்கக் கல்லின் இடத்தைத் தெளிவாக எழுதி வையுங்கள்: மதகிலிருந்து எத்தனை அடி, எந்த மரத்துக்கு எந்தப் பக்கம், கயிறு எந்தத் திசையில் இழுக்கப்பட்டது, கல்லோடு சேர்த்து எடுத்த ஒரு புகைப்படம். அடுத்த ஜூனில் வரும் வகுப்பு அதே கல்லில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும்.